அவெதிக் கொண்டு வந்த ஐந்தாவது கட்டு

இதை நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்ச மாட்டேன். நான் அச்சுக் கோர்க்கிறவன். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிப்பதுதான் முப்பத்தைந்து வருஷமாக என் பிழைப்பு. நடக்காததை நடந்ததாகச் சொல்ல எனக்கு வராது. தேதி, நேரம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே ஒரு பழைய புரூஃப் தாளின் முதுகில் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏன் குறித்தேன் தெரியுமா? ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடிக்க. பேய், பிசாசு என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

என் பெயர் நஹபெத். பாரசீகத்து ஜுல்பாவில் பிறந்த ஆர்மேனியன். 1701-இல் எனக்கு இருபத்தொன்பது வயது. ஆம்ஸ்டர்டாமில், ஒரு கால்வாய் ஓரத்துக் குறுகலான வீட்டில் எங்கள் ஆட்களின் அச்சுக்கூடம் இருந்தது. ஆர்மேனியப் புத்தகங்களை இங்கே அச்சடித்து, மூட்டை கட்டி, இஸ்மிர் துறைமுகம் வழியாக ஊருக்கு அனுப்புவோம். அங்கே நம் ஜனங்கள் அதற்காக வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள்.

கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம். நடு மாடியில் எழுத்துப் பெட்டிகள், அச்சுக் கோர்க்கிற இடம். மேலே பரண். அங்கே கயிறு கட்டி ஈரத் தாள்களை உலர்த்துவார்கள். எல்லாவற்றுக்கும் தலைவர் கலூஸ்த் சாமியார். புரூஃப் பார்ப்பதும் அவர்தான். தாள் உலர்த்தவும் தரை கழுவவும் திரெய்ன் என்ற டச்சு விதவை வருவாள். அச்சுக் கோர்க்க நாங்கள் இரண்டு பேர். நானும் அவெதிக்கும்.

அவெதிக் என் ஊர்க்காரன். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான். வேலை செய்துகொண்டே பாடுவான், ராகமே இல்லாமல். "டேய், சங்கீதத்தைக் கொல்லாதடா" என்று நான் கத்தினால் இன்னும் உரக்கப் பாடுவான்.

அந்த வருஷம் நாங்கள் எடுத்தது ஒரு பழைய ஜெபப் புத்தகம். மூல ஏடு தெற்கே லிவோர்னோ துறைமுகப் பட்டணத்தில் ஒரு ஆர்மேனிய வியாபாரியின் வீட்டில் இருந்தது. அதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. அதனால் சிமாவோன் என்ற எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்தார். மொத்தம் ஐந்து கட்டு. மூன்று வந்துவிட்டது. மீதி இரண்டையும் வாங்கி வர ஆகஸ்ட் மாதம் அவெதிக் கப்பலேறினான்.

அவன் போன பிறகுதான் ஒரு பேச்சு காதில் விழுந்தது. லிவோர்னோவில் வேறு சபையைச் சேர்ந்த சில ஆட்கள் எங்கள் புத்தகங்களில் மூக்கை நுழைக்கிறார்களாம். விசுவாசப் பகுதியில் ஒரு சொல், இரண்டு சொல் மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆசை காட்டுகிறார்களாம். மிரட்டுகிறார்களாம். சாதாரண விஷயம் இல்லை இது. ஒரு சொல் மாறியது ஊரில் தெரிந்தால் போதும். அறுநூறு பிரதியையும் கோயில் வாசலில் குவித்து நெருப்பு வைப்பார்கள். அதற்கப்புறம் எங்கள் அச்சுக்கூடத்தின் புத்தகத்தை எவனும் தொட மாட்டான்.

இந்தச் சந்தேகத்தோடுதான் நான் காத்திருந்தேன்.

நவம்பர் 22. மாலை மூன்று ஐம்பது. இங்கே அந்த மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே மழையும் பனியுமாகச் சேறு.

கதவு தட்டும் சத்தம். மூன்று தட்டு.

சாமியார் திறந்தார். அவெதிக் நின்றான். தோள் வரை நனைந்திருந்தான். கையில் இரண்டு கட்டு. சாமியார் அவனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார். உடனே கையைத் துடைத்துக்கொண்டு கட்டுகளை வாங்கினார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன்.

"எந்தக் கப்பல்ல வந்த?" என்று கேட்டேன்.

"வெள்ளை நாரை."

"அது எப்ப துறைமுகம் வந்துச்சு?"

"நான் வழியில இறங்கிட்டேன்."

அவ்வளவுதான். ஊர்க்கதை இல்லை, கிண்டல் இல்லை. மூன்று மாதம் கழித்து வந்தவன் நேராக மாடி ஏறி, எழுத்துப் பெட்டி முன்னால் போய் நின்றுகொண்டான்.

அன்று திரெய்ன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்குத் தரைதான் உயிர். சேற்றுக் காலோடு வந்தால் யாராக இருந்தாலும் விரட்டுவாள்.

"உன் கூட்டாளி பூட்ஸைக் கழட்டவே இல்லை. அப்படியே மேல போயிட்டான்" என்றாள்.

"திட்டிவிடு அக்கா."

"திட்டத்தான் போனேன். தரை சுத்தமா இருக்கு. ஒரு தடம் இல்லை."

நான் சிரித்தேன். இரவு படுத்தபோதுதான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாளே துறைமுகத்துக்குப் போய் விசாரித்தேன். 'வெள்ளை நாரை' வரவில்லை. எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தகவல் இல்லை. காற்று சரியில்லை, ஏதாவது துறையில் ஒதுங்கியிருக்கும் என்றார்கள்.

எனக்கு உறுதியாகிவிட்டது. இவன் கப்பலிலேயே வரவில்லை. யாரோ வண்டி வைத்துத் தரைவழியாக அனுப்பியிருக்கிறார்கள். யார்? எதற்கு?

அன்றைக்குத்தான் புரூஃப் தாளின் முதுகில் குறிக்க ஆரம்பித்தேன்.

நவம்பர் 25. ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் அவன் பக்கத்தில் வைத்தேன். "அப்புறம்" என்றான். சாயங்காலம் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. மறுநாளும் "அப்புறம்". அடுத்த நாளும்.

நவம்பர் 28. மாலை நாலரை. அறை கும்மிருட்டு. அவன் மெழுகுவர்த்தி ஏற்றாமல் கோர்த்துக்கொண்டிருந்தான். "கண்ணு தெரியுதாடா?" என்றேன். "தெரியுது" என்றான். நான் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எட்டு வரி. ஒரு பிழை இல்லை. அவெதிக் பக்கத்துக்குப் பத்துப் பிழை விடுகிறவன்.

டிசம்பர் 2. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. சத்தம்...

அச்சுக் கோர்க்கிற அறையில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஸ்டிக்கில், அதாவது கையில் பிடித்து வரி கோர்க்கிற சட்டத்தில், விழும்போது 'டிக்'. டிக்... டிக்... டிக்... எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, காதில் விழுவதே தெரியாது. அன்று நான் கையை நிறுத்தினேன். 'டிக்' நின்றது. ஆனால் எதிரே அவெதிக்கின் கை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும், பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும்...

சத்தமே இல்லை.

விரலில் துணி ஏதோ சுற்றியிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 5. திரெய்ன் பரணிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அவெதிக் கோர்த்த பக்கங்களை அச்சடித்த தாள்கள் மட்டும் காயவில்லை என்றாள். தொங்கவிட்டு நாலு நாள் ஆகிறது. பக்கத்திலேயே நான் கோர்த்த பக்கங்களின் தாள்கள் மொரமொரவென்று காய்ந்துவிட்டன. அவள் ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தாளாம்.

"உப்பு கரிக்குது. உங்க ஆளு தாள் நனைக்கிற தண்ணில என்ன கலக்கறான்?"

நாச வேலை. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உப்புத் தண்ணீரைத் தெளித்து வேண்டுமென்றே தாளைக் கெடுக்கிறான்.

சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தாள் காய இன்னும் இரண்டு நாள் ஆகட்டும், மாரிக்காலம்தானே என்றார். கூடப் பிறந்தவனைப் போல இருந்தவன்மேல் இப்படி விஷத்தைக் கக்குகிறாயே என்று வருத்தப்பட்டார். ஆனாலும் அன்று மதியம் என்னோடு உட்கார்ந்து நாலாவது கட்டை வரிக்கு வரி படித்தார். சந்தேகப்படும்படி ஒரு சொல்கூட இல்லை.

ஐந்தாவது கட்டின் கடைசித் தாளுக்கு வந்தபோது சாமியார் நின்றுவிட்டார். திரும்பப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

கடலில் போனவர்களுக்காக ஒரு சின்ன ஜெபம்.

'கரை காணாதவர்களுக்கு நீரே கரையாக இரும். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத இடத்தில் கிடப்பவர்களை, ஆண்டவரே, நீர் பெயர் சொல்லிக் கூப்பிடும்...' இப்படிப் போகும்.

முப்பது வருஷமாகப் பழைய ஏடுகளில் புரண்டவர் அவர். இந்த ஜெபத்தை எங்குமே பார்த்ததில்லை என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். இதுதான். இதைத்தான் நுழைத்திருக்கிறார்கள்.

மாடிக்கு ஓடினேன்.

"கடைசி ஜெபத்தை யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

"மூல ஏட்டுல இருக்கா?"

அவெதிக் தலையைத் தூக்கவில்லை. கை நிற்கவில்லை.

"கூட வந்துச்சு" என்றான்.

சாமியார் அதில் குற்றம் எதுவும் காணவில்லை. விசுவாசத்துக்கு விரோதமாக ஓர் எழுத்து இல்லை, அச்சிடலாம் என்று முடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுத்தர் சிமாவோனின் கையெழுத்துதான் அது. ஆனால் அந்தத் தாளில் மட்டும் கோடு போடவில்லை. வரி கோணாமல் கோடில்லாத தாளில் எந்த எழுத்தரால் எழுத முடியும்?

அவன் சாயங்காலம் எங்கே போகிறான் என்று பார்க்க முடிவு செய்தேன். பழைய வாடகை அறைக்குத்தான் போவதாகச் சொல்லியிருந்தான். அந்த வீட்டுக்காரியிடம் கேட்டேன். ஆகஸ்டில் போனவன், திரும்பி வரவே இல்லை என்றாள்.

டிசம்பர் 14. நாலு நாற்பதுக்கு அவன் வெளியே வந்தான். இருபது அடி பின்னால் நான்.

கால்வாய் ஓரமாகவே நடந்தான். எதிரே வந்தவர்கள் யாரும் அவனுக்கு வழிவிடவில்லை. அவனும் ஒதுங்கவில்லை. ஆனால் ஒருவர்மேலும் இடிக்கவில்லை. மூடுபனி. துறைமுகத்துப் பக்கம் போகப் போக இன்னும் அடர்ந்தது. இங்கேதான் அவனுடைய ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தேன். மேலங்கிக்குள் கத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீருக்குள் நீண்டு போகிற ஒரு மரத்துறை. அதில் ஏறினான். கடைசி வரை போனான். நின்றான்.

மேற்குத் தேவாலயத்தின் மணி ஐந்து அடிக்க ஆரம்பித்தது.

ஒன்று... இரண்டு... அவன் முதுகு தெரிந்தது.

மூன்று... தெரிந்தது.

நாலு...

ஐந்து.

துறைமேல் யாரும் இல்லை.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. படகு இல்லை. மரப்பலகையில் முதல் நாள் பனி அப்படியே வெள்ளையாக இருந்தது. என் கால்தடம் மட்டும் ஒற்றை வரிசையாக வந்திருந்தது.

ஓடினேன். வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் அச்சுக்கூடத்துக்குப் போனேன். ஏழு மணி. கதவு பூட்டியிருந்தது. ஒரே சாவிதான், அது சாமியாரின் கழுத்தில். அவர் வந்து திறந்தார். நான் முன்னால் ஓடி மாடி ஏறினேன்.

அவெதிக் கோர்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து சாமியாரையும் சந்தேகித்தேன். இரண்டாவது சாவி செய்து இவனுக்குக் கொடுத்திருக்கிறாரா? எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களா? திரெய்னைக்கூட ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மனசு அப்படித்தான் கெட்டுப்போயிருந்தது. பயத்தைவிடச் சந்தேகம் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

டிசம்பர் 19. கடைசிப் பக்கம்.

மாலை நாலு இருபது. சாமியார் கீழே இருந்தார். நடு மாடியில் நாங்கள் இருவர் மட்டும். இருட்டில் அவன் கை போய்ப் போய் வந்தது. நான் மெழுகுவர்த்தியோடு அவன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு நீ சொல்லியாகணும். யாருக்காக வேலை செய்யற?"

அவன் அடுத்த எழுத்தை எடுத்தான்.

"அவெதிக்!"

"கொஞ்சம் இரு. மூணு வரிதான்."

"உன்னை நம்பி சாமி அழுதாரு. நான் அழ மாட்டேன். சொல்லு."

"ரெண்டு வரி."

எனக்குத் தலைக்கேறியது. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

துணி கையில் மாட்டியது.

துணிக்குள்ளே...

என்ன சொல்வது. இறுக்கினேன். என் விரல்களே ஒன்றையொன்று தொட்டன. சட்டைக்கையிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஐஸ் தண்ணீர். என் முழங்கை வரை ஓடியது. நிற்கவே இல்லை.

"விடுடா" என்றான். கோபமே இல்லாத குரல். பழைய அவெதிக்கின் குரல். "கை வலிக்குது."

விட்டேன்.

மெழுகுவர்த்தி அணைந்தது.

இருட்டில்...

டிக்.

முதல் தடவையாகச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்...

எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

டிக்.

பிறகு ஸ்டிக்கை மேஜைமேல் வைக்கிற சத்தம். டக்.

"படிச்சுப் பாரு. தப்பிருந்தா திருத்திக்கோ."

அவ்வளவுதான்.

கீழிருந்து சாமியார் விளக்கோடு ஓடி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஸ்டிக்கில் மூன்று வரியும் நிறைந்திருந்தன. படிக்குக் கீழே திரெய்ன் அப்போதுதான் தரை கழுவி முடித்திருந்தாள். யாரும் இறங்கி வரவில்லை என்று சொன்னாள்.

அவன் திரும்பி வரவில்லை. அகப்பட்டதும் ஓடிவிட்டான் என்று சாமியாரிடம் சொன்னேன். அதை நானே நம்பினேன். நம்ப விரும்பினேன். அவன் கோர்த்த தாள்கள் அன்று இரவே காய்ந்துவிட்டன என்று மறுநாள் திரெய்ன் வந்து சொன்னாள்.

எங்கள் புத்தகங்களின் கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர், கோர்த்தவர், அச்சிட்டவர், தாள் உலர்த்தியவர், எல்லார் பெயரையும் போட்டு, படிக்கிறவர்களே, இவர்களை ஜெபத்தில் நினையுங்கள் என்று கேட்போம். அந்தப் பக்கத்தை நான்தான் கோர்த்தேன். கோபத்தில் அவெதிக்கின் பெயரை விட்டுவிட்டேன். திரெய்ன் பெயர்கூட இருக்கிறது. அவன் பெயர் இல்லை.

ஜனவரியில் அறுநூறு பிரதியும் இஸ்மிருக்குக் கப்பலேறின.

இனிமேல் சொல்வதைச் சாமியாரும் கூட இருந்து பார்த்தார்.

1702, ஏப்ரல் 17. ஓர் ஆங்கில வியாபாரி மூலமாக எங்கள் முகவரிக்கு ஒரு பொட்டலம் வந்தது. மெழுகுத் துணியில் சுற்றியது. கூடவே ஒரு கடிதம், லத்தீன் மொழியில். இங்கிலாந்தின் தென்கரையில் ஏதோ மீனவ ஊரின் பாதிரியார் எழுதியது. சாமியார் எனக்குப் படித்துச் சொன்னார்.

புயலில் ஒரு கப்பல் பாறையில் மோதி நொறுங்கியதாம். ஒருவரும் பிழைக்கவில்லை. என்ன கப்பல் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கரை ஒதுங்கிய உடல்களில் ஒன்று கீழைநாட்டு மனிதன். கறுத்த தாடி. இடது கட்டைவிரலில் பெரிய காய்ப்பு. ஸ்டிக்கைப் பிடித்துப் பிடித்து எங்களுக்கெல்லாம் அந்த இடத்தில் காய்ப்பு இருக்கும். அவன் நெஞ்சோடு சேர்த்து இந்தப் பொட்டலம் கட்டியிருந்தது. மேலே லத்தீன் எழுத்தில் உங்கள் விலாசம் இருந்ததால் அனுப்புகிறேன், பிரிக்கவில்லை. ஆளை அக்டோபர் 17 அன்று அடக்கம் செய்துவிட்டோம் என்று கடிதம் முடிந்தது.

நான் ஒரு துரும்பைப் பிடித்தேன். ஆங்கிலேயரின் நாட்காட்டி எங்களுடையதைவிடப் பதினோரு நாள் பின்தங்கியது. விரல்விட்டு எண்ணினேன். எங்கள் கணக்கில் அக்டோபர் 28.

அவன் எங்கள் கதவைத் தட்டியது நவம்பர் 22.

சாமியார் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தர் சிமாவோனின் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. உடைத்தார். உள்ளே நாலாவது கட்டு. எங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டு நாள் ஆயிற்று. ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை.

அப்படியானால் நாங்கள் எதைப் பார்த்து அச்சடித்தோம்? ஏட்டுப் பெட்டியைத் திறந்தோம். மூன்று கட்டுதான் இருந்தது. அவன் கையால் கொடுத்த இரண்டும் இல்லை.

பொட்டலத்தின் அடியில் சிமாவோன் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. கண் நோய், அதனால் ஐந்தாவது கட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மன்னிக்கவும், கிறிஸ்துமஸ் கழித்து எழுதி அனுப்புகிறேன் என்று இருந்தது.

சாமியார் அன்றே லிவோர்னோவுக்கு எழுதினார். ஜூலையில் பதிலோடு ஐந்தாவது கட்டும் வந்தது. எல்லாம் நாங்கள் அச்சடித்தபடியே இருந்தது, கடைசித் தாளைத் தவிர. மூல ஏட்டில் அப்படி ஒரு ஜெபம் இல்லை, கடைசிப் பக்கம் வெறும் பக்கம் என்று சிமாவோன் எழுதியிருந்தார்.

அதற்குள் புத்தகம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் பெயரைச் சேர்க்க வழியில்லை. அந்த ஜெபத்தை எடுக்கவும் வழியில்லை. சாமியார் சாகும்வரை அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை.

போன மாதம் என் மருமகன் இஸ்மிருக்குக் கப்பலேறினான். வழியனுப்பத் துறைக்குப் போயிருந்தோம். என் மகள் கைகளைக் கட்டிக்கொண்டு முணுமுணுவென்று ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

'கரை காணாதவர்களுக்கு நீரே கரையாக இரும்...'

"ரொம்பப் பழைய ஜெபம்ப்பா" என்றாள் மகள். "நம்ம முன்னோர் காலத்துது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.